ஐம்பதைத் தாண்டிய பி.எம்.ஐ.க்கு எந்த அறுவை சிகிச்சை?

என் அக்காவின் சரியான எடை எங்களுக்குத் தெரியவந்தது ஒரு பார்சல் அலுவலகத்தின் எடை மேடையில்தான். முந்தைய நாள் நாங்கள் சென்றிருந்த மருத்துவமனையின் எடை இயந்திரம் 120 கிலோவுக்கு மேல் காட்டாது. அவர் ஏறி நின்றதும் திரையில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் வந்தன. அங்கிருந்த உதவியாளர், வரிசையில் நின்ற அனைவருக்கும் கேட்கும்படி, "மிஷின் தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டு, சீட்டில் "120-க்கு மேல்" என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால், மறுநாள் காலை கூட்டம் சேர்வதற்கு முன்பே தெரிந்தவர் ஒருவரின் பார்சல் அலுவலகத்துக்குப் போனோம். எடை 140 கிலோ; உயரம் 160 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பி.எம்.ஐ. 54.7. அப்போது அவருக்கு வயது 43. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதில் கடைசி நான்கு ஆண்டுகள் இன்சுலின்.

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கொள்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் வளர்சிதை மாற்ற அறுவை சிகிச்சைச் சங்கமும் அதன் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 35-க்கு மேல் உள்ள எவருக்கும் வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசிய மக்களுக்கு 27.5-இலிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் அது சொல்கிறது. ஆகவே 50-ஐத் தாண்டியவருக்கு அறுவை சிகிச்சை தேவையா என்ற கேள்வியில் அதிகக் குழப்பம் இல்லை. எது என்பதில்தான் குழப்பம். "ஸ்லீவா, பைபாஸா" என்று இரைப்பை அறுவை சிகிச்சைகளைப் பற்றிப் பொதுவாகப் பேசப்படுவதெல்லாம் 100, 110 கிலோ உள்ளவர்களை மனத்தில் வைத்துப் பேசப்படுவது. அதை அப்படியே 140 கிலோ உள்ளவருக்குப் பொருத்தினால் எதிர்பார்ப்பும் தவறும், தேர்வும் தவறும்.

அந்தத் தவறு முதலில் கணக்கிலேயே தொடங்குகிறது. அறுவை சிகிச்சையின் பலனை மருத்துவமனைகள் பெரும்பாலும் "அதிகப்படி எடையில் இத்தனை சதவீதம்" என்று சொல்கின்றன. 60 சதவீதம் குறையும் என்று கேட்டவுடன், 140-இல் 60 சதவீதம் போய்விடும் என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் மகிழ்ந்துபோனார். உண்மையில் அக்காவின் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்பது 64 கிலோ. எனவே அதிகப்படி எடை 76 கிலோ. அதில் 60 சதவீதம் சுமார் 46 கிலோ. மிஞ்சுவது 94 கிலோ, பி.எம்.ஐ. 37-ஐ ஒட்டி. அதாவது, மிகச் சிறப்பான பலன் கிடைத்த பிறகும் அவர் மருத்துவக் கணக்கில் உடல் பருமன் உள்ளவராகவே இருப்பார். இதைச் சோர்வூட்டுவதற்காகச் சொல்லவில்லை. இழப்பதற்கு நிறைய இருப்பவர், "எத்தனை கிலோ குறையும்" என்பதோடு "குறைவது நின்ற பிறகு நான் எங்கே நிற்பேன், அந்த இடத்தில் நிலைத்திருக்க ஒவ்வொரு நாளும் என்ன செய்ய வேண்டும்" என்பதையும் கேட்டாக வேண்டும். என் பார்வையில் எல்லா ஒப்பீடும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் தீர்கிறது.

இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையின் வெளிவளைவைச் சார்ந்த பகுதியை, ஏறத்தாழ முக்கால் பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ, ஸ்டேப்லர் கருவியால் வெட்டி அகற்றிவிட்டு, எஞ்சியதை வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாயாக விட்டுவிடுகிறார்கள். குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான் என்பதால், அளவு குறைவதோடு பசியும் அடங்குகிறது. இந்த அறுவை சிகிச்சை பிறந்த கதை பலருக்குத் தெரிவதில்லை; ஆனால் அதிக எடை உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. 1999-இல் நியூயார்க்கில் மிஷெல் காக்னே என்ற அறுவை சிகிச்சை நிபுணர், இரைப்பையைக் குறைத்துக் குடலின் பாதையையும் மாற்றும் டியோடினல் ஸ்விட்ச் என்ற பெரிய அறுவை சிகிச்சையை முதன்முதலாக லேப்ராஸ்கோபி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியாக, செய்தார். மிக மிக எடை கூடியவர்களுக்கு அதை ஒரே அமர்வில் செய்தபோது சிக்கல்கள் அதிகமாக வந்ததால், அதை இரண்டாகப் பிரித்து, முதலில் இரைப்பையை மட்டும் குறைத்து, எடை ஓரளவு இறங்கிய பின் குடல் பகுதியைச் செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். முதல் கட்டத்திலேயே சிலருக்கு நன்றாக எடை குறைந்ததைப் பார்த்த பிறகுதான், அந்த முதல் கட்டம் ஸ்லீவ் என்ற பெயரில் தனி அறுவை சிகிச்சையாக நிலைபெற்றது. ஆக, 50-க்கு மேல் பி.எம்.ஐ. உள்ளவருக்கு ஸ்லீவ் என்பது தொடக்கத்தில் பாதி வழியாகவே கருதப்பட்டது. இன்றும் அவர்கள் அதை அப்படிப் பார்ப்பதே நேர்மையானது என்று நினைக்கிறேன்.

பாதி வழி என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. மயக்க மருந்தின் கீழ் இருக்கும் நேரம் குறைவு, குடலில் இணைப்பு இல்லை, பின்னாளில் தேவைப்பட்டால் பைபாஸாகவோ டியோடினல் ஸ்விட்சாகவோ மாற்றிக்கொள்ளக் கதவு திறந்தே இருக்கிறது. பி.எம்.ஐ. 60-ஐத் தாண்டியவருக்கும், இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவருக்கும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். ஆனால் ஸ்லீவுக்கு ஒரு பெரிய குறை உண்டு: நெஞ்செரிச்சல். இரைப்பை குறுகிய குழாயாகிவிட்டதால் உள்ளே அழுத்தம் கூடி, அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பின் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்தான். அதே ஆய்வில் பத்தாம் ஆண்டில் குறைந்திருந்த அதிகப்படி எடை ஸ்லீவில் சுமார் 44 சதவீதம், பைபாஸில் 51 சதவீதம். அக்காவின் கணக்கில் போட்டால் 33 கிலோவுக்கும் 39 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆறு கிலோவுக்காக ஒருவர் பைபாஸைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. நெஞ்செரிச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கலாம்.

பைபாஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் பழக்கத்தில் உள்ளது. 1960-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது, 1990-களில் லேப்ராஸ்கோபிக்கு மாறத் தொடங்கியது. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சிறிய பை மட்டும் உருவாக்கி, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அந்த வழியாகப் போகாது. அமிலமும் பித்தநீரும் மேலே ஏற வழியில்லாமல் போவதால் நெஞ்செரிச்சலுக்கு இதுவே நல்ல தீர்வாகவும் ஆகிறது. சர்க்கரை நோயில், எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்குவதைக் காணலாம்; ஆனால் நோய் பழையதாகி, இன்சுலின் வரை போய்விட்டவருக்கு முழு விடுதலை கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதை எங்கள் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

பைபாஸுக்கு உரிய தொல்லைகளும் உண்டு. இனிப்பை வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். இணைப்பு இடத்தில் புண் வரலாம். புகை பிடிப்பவர்களுக்கும் மூட்டுவலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அதன் ஆபத்து அதிகம். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம், 140 கிலோ உள்ளவரின் முழங்கால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அக்காவின் கைப்பையில் டைக்ளோஃபினாக் என்ற மூட்டுவலி மாத்திரை அட்டை எப்போதும் இருந்தது. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்குவார். பைபாஸுக்குப் பின் அந்த வகை மாத்திரைகள் அனைத்தையும் விட்டுவிட்டுப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நிபந்தனையைத் தாங்க முடியாதவர் பைபாஸுக்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். தவிர, குடலை இடம் மாற்றிய இடைவெளியில் ஆண்டுகள் கழித்துக் குடல் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. கடும் வயிற்றுவலி வந்தால், உள்ளூர் மருத்துவரிடம் "எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்களில் பலரும் பேசும் மினி பைபாஸ், 1997-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரட்லட்ஜ் தொடங்கியது. இரைப்பையை நீண்ட குழாய்ப் பையாக்கி, குடலின் தொடக்கத்திலிருந்து 150 முதல் 200 சென்டிமீட்டர் கீழே ஒரே ஓர் இணைப்பு மட்டும் போடுகிறார்கள். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்று என்பதால், கொழுப்பு நிறைந்த வயிற்றுக்குள் வேலை செய்வது எளிது, நேரம் குறைவு. எடையும் நன்றாகக் குறைகிறது. பிரான்சில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டு எடைக்குறைவில் மினி பைபாஸும் வழக்கமான பைபாஸும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. ஆனால் சத்துக்குறைபாட்டால் வந்த கடுமையான சிக்கல்கள் மினி பைபாஸில் ஒன்பது. வழக்கமான பைபாஸில் ஒன்றுகூட இல்லை. அங்கே விட்டுக்கடந்த குடலின் நீளம் 200 சென்டிமீட்டர். எனவே மினி பைபாஸ் செய்துகொள்ளப்போகிறவர், "எத்தனை சென்டிமீட்டர் விட்டு இணைப்பீர்கள், ஏன்" என்று கேட்டே ஆக வேண்டும். அதிக எடை உள்ளவருக்கு அந்த நீளத்தைக் கூட்டும் ஆசை மருத்துவருக்கு வரும், அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. பித்தநீர் இரைப்பைக்குள் திரும்பி வரும் வாய்ப்பும் இதில் உண்டு. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

எடையை மட்டும் அளந்தால், எல்லாவற்றையும் மிஞ்சுவது டியோடினல் ஸ்விட்ச். ஸ்லீவ் போல இரைப்பையைக் குறைத்துவிட்டு, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தாண்டிப் போகச் செய்து, உணவும் செரிமான நீரும் கலக்கும் பாதையைக் கடைசி ஒரு மீட்டர் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படும் ஆய்வு இதைப் பற்றியதுதான். நார்வேயின் ஓஸ்லோவிலும் சுவீடனின் கோத்தென்பர்கிலும், பி.எம்.ஐ. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட 60 பேரை மட்டும் எடுத்து, பாதிப் பேருக்கு பைபாஸும் மீதிப் பேருக்கு டியோடினல் ஸ்விட்சும் செய்து, ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பி.எம்.ஐ. பைபாஸில் 13.6 புள்ளிகளும், ஸ்விட்சில் 22.1 புள்ளிகளும் குறைந்தது. அக்காவின் உயரத்தில் வைத்துப் பார்த்தால் 35 கிலோ, 57 கிலோ. ஒன்று 105 கிலோவில் நிறுத்தும், மற்றொன்று 83 கிலோவில். இந்த வரியோடு நிறுத்திக்கொண்டால் யாரும் ஸ்விட்சைத்தான் கேட்பார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

அடுத்த வரியில் இருந்தது விலை. அந்த ஐந்து ஆண்டுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியிருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்விட்சில் 59 சதவீதம். முதல் அறுவை சிகிச்சையைச் சார்ந்து மீண்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பைபாஸில் 31 பேரில் மூவர், ஸ்விட்சில் 29 பேரில் 13 பேர். கொழுப்பு உறிஞ்சப்படாமல் போவதால் அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேர்வதில்லை, புரதம் குறைகிறது, மலம் இளகி, நாள் ஒன்றுக்குப் பலமுறை, கடும் நாற்றத்தோடு போகிறது. அக்கா ஒரு பள்ளியில் ஆசிரியை. பெண் ஆசிரியர்கள் பதினான்கு பேருக்கு அங்கே ஒரே கழிவறை. இதை மருத்துவர் அறையில் கேட்க அவர் கூச்சப்பட்டார், நான் கேட்டேன். இப்படிப்பட்ட சின்ன விவரங்களைச் சொல்லாமல் செய்யும் தேர்வு பிறகு தினமும் அவமானமாகத் திரும்பி வரும்.

புரதம் என்ற ஒன்றே எங்கள் வீட்டில் ஸ்விட்சை ஒதுக்கப் போதுமானதாக இருந்தது. அக்கா முட்டையும் சாப்பிடாத சைவம். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்கிறார்கள். உறிஞ்சுதலையே குறைக்கும் ஸ்விட்சுக்கு அதைவிட அதிகம். ஓர் இட்லியில் புரதம் 2 கிராம் அளவுதான். ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 7 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம், நூறு கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம். முதல் மாதங்களில் ஒரு வேளைக்கு நான்கைந்து தேக்கரண்டிக்கு மேல் இறங்காது என்ற நிலையில், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். பால், பன்னீர், பருப்பு எல்லாம் சேர்ந்தும் 45-ஐத் தாண்டவில்லை. புரதப் பொடி சேர்த்த பிறகே 65-ஐத் தொட்டது. மீனும் முட்டையும் கோழியும் வாரம் முழுவதும் சாப்பிடும் ஒருவருக்கு, பெரிய நகரத்தில் மருத்துவமனைக்கு அருகில் வசிக்கும் ஒருவருக்கு, இந்தத் தாளில் வேறு விடை வரலாம். அவர் ஸ்விட்சை, அல்லது 2007-இல் மாட்ரிட்டில் தொடங்கிய அதன் எளிய வடிவமான, ஒரே இணைப்போடு, உணவும் செரிமான நீரும் கலக்கும் பாதையை 250 முதல் 300 சென்டிமீட்டர் விடும் சாடி முறையை, தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஆனால் அதைப் பலமுறை செய்து, செய்தவர்களை ஆண்டுகணக்கில் பின்தொடர்கிற குழுவிடம் மட்டுமே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரைப்பையைச் சுற்றிப் போடும் பட்டை, நீண்ட காலப் பலன் போதாமலும் மீண்டும் எடுக்க வேண்டி வருவதாலும் ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. பலூன் ஆறு மாதங்களில் எடுக்கப்படுவது. 76 கிலோ அதிகம் உள்ளவருக்கு அது தீர்வல்ல, அறுவை சிகிச்சைக்கு முன் சிலரைத் தயார்ப்படுத்த உதவலாம். 2025 முதல் இந்தியாவில் கிடைக்கும், எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி பற்றியும் கேட்டோம். அதன் மருந்தான டிர்செப்பட்டைடின் உயர் அளவில், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த 72 வார ஆய்வில், சராசரியாக உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 140 கிலோவில் அது 28 கிலோ. மிக நல்ல மருந்துதான். ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது, மாதச் செலவோ நிற்பதில்லை.

எந்த அறுவை சிகிச்சையானாலும், கனத்த உடலுக்கு முன்னேற்பாடு அதிகம். கொழுப்பு சேர்ந்த கல்லீரலின் இடப்பக்கம் வீங்கி இரைப்பையை மறைப்பதால், அதைச் சுருக்க இரண்டு வாரங்களுக்கு மாவுச்சத்து குறைந்த திரவ உணவு தருகிறார்கள். அதை ஏமாற்றாமல் கடைப்பிடித்தவரின் வயிற்றுக்குள் வேலை செய்வது எளிதாகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று போகும் நோய் இருக்கிறதா என்று இரவுப் பரிசோதனை செய்து, இருந்தால் முன்பே காற்றழுத்தக் கருவியோடு பழகிக்கொள்ள வேண்டும். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதே முதல் வாரங்களின் பெரிய பயம் என்பதால், ஊசி மருந்தோடு, அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள். எண்டோஸ்கோபி செய்யாமல் எந்த அறுவை சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாங்கள் முதலில் சென்ற இடத்தில் அக்காவின் நெஞ்செரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே ஸ்லீவுக்கு "பேக்கேஜ்" விலை சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் எண்டோஸ்கோபி செய்தபோதுதான், இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது.

அந்த ஒரு கண்டுபிடிப்பு ஸ்லீவை விலக்கியது; மினி பைபாஸைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது; உணவும் பள்ளியும் ஸ்விட்சை விலக்கின. எஞ்சியது வழக்கமான பைபாஸ், 100 கிலோவை ஒட்டி நிற்கலாம் என்ற முழு அறிவோடு. அக்கா அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நூறு கிலோவோட மாடிப்படி ஏறலாம்ல டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். ஏறலாம் என்றார் அவர்.

செலவைப் பற்றி ஒரு குறிப்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, வயது 18-க்கு மேல் இருந்து, பி.எம்.ஐ. 40-ஐ எட்டியிருந்தாலோ, 35-ஐ எட்டி, எளிய வழிகள் பலிக்காத நிலையில், கட்டுப்படாத சர்க்கரை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடும் தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தாலோ, "உடல் பருமனுக்கான சிகிச்சை" என்ற பொது விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசியின் காத்திருப்புக் காலம் தனி. முந்தைய எடைச் சீட்டுகள், சர்க்கரைப் பரிசோதனைகள், உணவு ஆலோசகரின் குறிப்புகள் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். "120-க்கு மேல்" என்று எழுதிய சீட்டு எங்களுக்கு அங்கேயும் உதவவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எடை 98 கிலோ. இன்சுலின் நின்றது; ஒரு மாத்திரை தொடர்கிறது. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் என்பதால், காலை ஏழு மணிக்கு ஒன்று, பத்து மணி இடைவேளையில் மற்றொன்று என்று வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் சென்ற மாதப் பரிசோதனையில், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கியிருந்தது. மாத்திரை போதாமல் இரண்டு முறை இரத்தநாளம் வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டியிருந்தது. அதற்காக மதுரைக்குப் போகும் பேருந்திலும் புரதப் பொடி கலக்கும் குப்பியைக் கொண்டுவந்திருந்தார். அடுத்த இரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து.